பிரைமரியில் ஜெயித்த வேட்பாளரின் துடிப்பு நவம்பர் வரை தாங்குமா?

#1 வெண்ணாற்றங்கரை

அமெரிக்கத் தேர்தல்களைப் பல வருடங்களாகக் கவனித்து வருகிறேன். எனக்கு இன்னும் தீராத கேள்வி ஒன்று இருக்கிறது. கட்சிக்குள் நடக்கும் பிரைமரியில் ஒருவர் கூட்டத்தைக் கட்டிப்போடுகிறார், இதுவரை ஓட்டே போடாத இளைஞர்களை வரவழைக்கிறார், பெரிய எழுச்சியோடு ஜெயிக்கிறார். அதிகாரபூர்வ வேட்பாளர் ஆன பிறகு அந்த வேகம் என்ன ஆகிறது? நவம்பர் பொதுத்தேர்தல் வரை அதே சூட்டோடு போக முடியுமா?

இதைப் பேச 2008ஐ விடப் பொருத்தமான தேர்தல் இல்லை என்று நினைக்கிறேன். அந்த ஜனவரி 3 அன்று அயோவா மாநிலத்தில் காகஸ், அதாவது கட்சிக்காரர்கள் கூடி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டம். 2004இல் சுமார் 1,24,000 பேர் வந்த ஜனநாயகக் கட்சிக் காகஸுக்கு அன்றைய இரவு ஏறத்தாழ 2,39,000 பேர் வந்தார்கள். வெள்ளையர்கள் மிகப் பெரும்பான்மையாக இருக்கும் மாநிலத்தில் ஒபாமா முதலிடம் பிடித்தார், ஹிலாரி கிளிண்டன் மூன்றாமிடத்துக்குப் போனார். ஐந்து நாள் கழித்து நியூ ஹாம்ப்ஷயரில் ஒபாமா தோற்றார். ஆனால் 'நம்மால் முடியும்' என்ற முழக்கத்தை நாடு முழுக்கக் கொண்டுபோனது அந்தத் தோல்வி இரவில் அவர் பேசிய பேச்சுதான். பிப்ரவரியில், பல மாநிலங்கள் ஒரே நாளில் ஓட்டுப் போடும் சூப்பர் டியூஸ்டே முடிந்ததும் வரிசையாகப் பதினொரு வெற்றிகள். அந்த மாதக் கூட்டங்களின் காணொளிகளை இப்போது பார்த்தாலும் உடம்பு சிலிர்க்கிறது.

ஜூன் 3 அன்று மினசோட்டாவின் செயின்ட் பால் நகரில் வேட்பாளர் தான்தான் என்று அறிவித்தார். அப்புறம்தான் என் கேள்வி தொடங்குகிறது. ஜூன் 19இல் அரசுத் தேர்தல் நிதி வேண்டாம் என்று சொன்னார். அதை ஏற்பது பற்றி முன்பு சாதகமாகப் பேசியிருந்தவர் அவர். ஜூலை 9இல் ஒட்டுக்கேட்புச் சட்டத் திருத்தத்துக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டார். பேச்சிலும் மாற்றம் தெரிந்தது. நடுவாக்காளர்களைப் பயமுறுத்தாத, அளந்து வைத்த வாக்கியங்கள். முகம் அதேதான், குரலும் அதேதான், ஆனால் குளிர்காலத்தில் இருந்த எதையோ கோடையில் காணவில்லை.

என் கருத்து இது: துடிப்பு தாங்கும், ஆனால் தானாகத் தாங்காது. பிரைமரியில் அதைத் தந்த காரணம் ஒன்று, பொதுத்தேர்தலில் அதைத் தரவேண்டிய காரணம் வேறு. அந்த இரண்டாவது காரணத்தை வேட்பாளர் கண்டுபிடிக்கும் வரை ஒரு பள்ளம் இருக்கும். மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

#2 மணல்மேடு

நல்ல கேள்வி அண்ணா. ஆனால் எனக்கு அடிப்படையே கொஞ்சம் குழப்பம். நம் ஊரில் வேட்பாளரைத் தலைமை அறிவிக்கும், அத்தோடு முடிந்தது. அங்கே எதற்காக ஆறு மாதம் சொந்தக் கட்சிக்காரர்களோடு சண்டை போடுகிறார்கள்? அப்படிச் சண்டை போட்டால் ஜெயிப்பதற்குள்ளேயே களைத்துப் போகமாட்டார்களா?

#3 எடிசன்வாசி

மணல்மேடு, சுருக்கமாகச் சொல்கிறேன். கட்சிக்குள் நடக்கும் ஓட்டெடுப்புக்கு மாநிலத்தைப் பொறுத்துத் தேதி மாறும். ஓட்டுச்சீட்டு முறை என்றால் பிரைமரி. ஒரே நேரத்தில் பள்ளிக்கூடத்திலோ சமூகக் கூடத்திலோ கூடி ஆதரவைக் காட்டும் முறை என்றால் காகஸ். முடிவுகளைப் பொறுத்து டெலிகேட்கள், அதாவது மாநாட்டுப் பிரதிநிதிகள் கிடைப்பார்கள். அவர்கள் கோடைகால மாநாட்டில் கூடி வேட்பாளரை முறைப்படி தேர்ந்தெடுப்பார்கள். ஜனநாயகக் கட்சியில் டெலிகேட்களை ஓட்டு விகிதப்படி பிரித்துக் கொடுப்பார்கள். அதனால் இரண்டாமிடத்தில் இருப்பவர் சீக்கிரம் வெளியேற மாட்டார். 2008 அவ்வளவு நீண்டதற்கு அதுவும் காரணம்.

களைப்பு பற்றிக் கேட்டீர்கள். நான் நியூ ஜெர்சியில் இருக்கிறேன். 2008இல் எனக்கு எச்-1பி விசா. ஓட்டு கிடையாது, நன்கொடை கொடுக்கச் சட்டம் அனுமதிக்காது, ஆனால் சம்பளம் வாங்காமல் தொண்டராக வேலை செய்யலாம். என்னைப் போல நிறைய பேர் அப்படித்தான் உள்ளே வந்தோம். வார இறுதிகளில் டெலவேர் ஆற்றைத் தாண்டிப் பென்சில்வேனியாவுக்குப் போய்க் கதவு தட்டுவோம்.

வெண்ணாற்றங்கரை சொல்லும் பள்ளம் உண்மை. ஏப்ரலில் அலுவலகத்தில் நிற்க இடம் இருக்காது, ஜூலையில் நாற்காலிகள் காலியாக இருந்தன. ஆனால் அந்த மாதங்களில்தான் முக்கியமான வேலை ஒன்று நடந்தது. மாவட்டத்துக்குப் பொறுப்பான அமைப்பாளர் ஒருவர் தொண்டர்களைத் தெருவாரியாகக் குழுக்களாகப் பிரித்தார். ஒரு குழுவுக்கு ஒரு தலைவர், தரவு பார்க்க ஒருவர், தொலைபேசிக்கு ஒருவர். கையில் ஒரு பட்டியல் கொடுப்பார்கள். பெயர், வயது, முகவரி, எந்தக் கட்சியில் பதிவு செய்திருக்கிறார் என்ற விவரம். பேசிவிட்டு வந்து ஒன்று முதல் ஐந்து வரை எண் போடவேண்டும். ஒன்று என்றால் உறுதியாக நம்மவர், ஐந்து என்றால் எதிரணி. மூன்று போட்டவர் வீட்டுக்கு மறுபடியும் போவோம்.

பயிற்சி முகாமில் ஒன்று சொல்லிக் கொடுத்தார்கள், அதை மறக்கவே மாட்டேன். வாசலில் நின்று கொள்கை விளக்கம் கொடுக்காதே, நீ ஏன் இங்கே வந்தாய் என்பதை இரண்டு நிமிடத்தில் சொல். இந்த முறைக்குப் பின்னால் இருந்தவர் மார்ஷல் கான்ஸ். சீசர் சாவேஸின் விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் பல வருடம் வேலை செய்து, பிறகு ஹார்வர்டில் பாடம் நடத்தியவர். வேட்பாளரின் கதையைப் பரப்ப ஆள் சேர்ப்பதோடு நிற்காமல், தொண்டன் தன் கதையைத் தானே சொல்லும்படி அவர் செய்தார். மேடையில் ஒபாமா அடக்கிப் பேசிய அதே வாரங்களில், பக்ஸ் கவுன்டியின் ஒரு வாசலில் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் தன் மருத்துவக் காப்பீட்டுக் கதையைச் சொல்லிக் கண்கலங்கியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். துடிப்பு வேட்பாளரிடம் மட்டும் இருந்தால் அது அவர் குரல் கம்மும்போது கம்மிவிடும்.

#4 கோபுரவாசல்

எடிசன்வாசியின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனாலும் 2008ஐ மட்டும் வைத்து விதி எழுதக்கூடாது. ஜெயித்த தேர்தலில் எல்லாமே காரணமாகத் தெரியும். தோற்ற தேர்தலைப் பாருங்கள்.

1972, ஜனநாயகக் கட்சியின் ஜார்ஜ் மெக்கவர்ன். வியட்நாம் போரை எதிர்த்து மாணவர்களும் இளைஞர்களும் அவர் பின்னால் திரண்டார்கள். பிரைமரி விதிகளை மாற்றி எழுதிய குழுவுக்கே அவர்தான் முதல் தலைவர். கட்சிப் பெருந்தலைகள் மூடிய அறையில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் அந்த மாற்றத்தோடுதான் உடைந்தது. கலிஃபோர்னியாவில் முன்னாள் துணை அதிபர் ஹம்ஃப்ரியைத் தோற்கடித்து வேட்பாளர் ஆனார். மயாமி பீச் மாநாட்டில் துணை அதிபர் பெயர்களை முன்மொழிவதே இரவெல்லாம் இழுத்தது. அவர் ஏற்புரை நிகழ்த்தியபோது அதிகாலை மூன்று மணி நெருங்கிவிட்டது. வாழ்நாளின் மிகச் சிறந்த பேச்சு, நாடு தூங்கிக்கொண்டிருந்தது.

அடுத்து ஈகிள்டன் விவகாரம். துணை வேட்பாளராக அறிவிக்கப்பட்ட அவர் மனச்சோர்வுக்காக மருத்துவமனையில் மின்சிகிச்சை பெற்றவர் என்று தெரியவந்தது. ஆயிரம் சதவீதம் அவரோடு நிற்கிறேன் என்று மெக்கவர்ன் சொன்னார். சில நாட்களில் அவரை விலக்கினார். நேர்மைக்காகவே ஒருவரைப் பின்தொடர்ந்த தொண்டர்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நவம்பரில் 49 மாநிலங்களில் தோல்வி. மாசசூசெட்ஸும் தலைநகர் வாஷிங்டனும் மட்டும் மிஞ்சின.

தொண்டர்கள் அவருக்குக் குறைவாகவா இருந்தார்கள்? இல்லை. தெருவாரியாகக் கதவு தட்டவும் செய்தார்கள். ஆக, பிரைமரித் துடிப்பு என்பது கட்சியில் ஏற்கெனவே நம்பிக்கை உள்ளவர்களின் துடிப்பு. வெளியே இருப்பவர்களுக்கு அது தொற்றுவது வேட்பாளரின் தீர்ப்புத்திறனைப் பொறுத்தது.

#5 வெண்ணாற்றங்கரை

கோபுரவாசல் ஐயா, மெக்கவர்ன் உதாரணம் சரியானது. நீங்கள் சொன்ன ஈகிள்டன் சம்பவம்தான் எனக்கு மையமாகப் படுகிறது. துடிப்பு குறைந்து தோற்றார் என்பதை விட, அது எதன் மேல் நின்றதோ அந்த இடத்திலேயே விரிசல் விழுந்தது.

இதற்கு நேர் எதிரான வகையும் உண்டு. 1988இல் ஜனநாயகக் கட்சியின் மைக்கேல் டுகாக்கிஸ். அவர் பிரைமரியில் யாரையும் பற்றவைத்து ஜெயிக்கவில்லை. பணமும் அமைப்பும் பொறுமையும் இருந்தன, மற்றவர்கள் ஒவ்வொருவராக விழ, இவர் மிஞ்சினார். அந்த வருடப் பிரைமரியில் கூட்டங்களை உலுக்கியவர் கறுப்பினத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சன். மாநாட்டு ஏற்புரையில் டுகாக்கிஸ், இந்தத் தேர்தல் சித்தாந்தம் பற்றியது அல்ல, திறமை பற்றியது என்றார். மாநாடு முடிந்ததும் கேலப் கணிப்பில் 17 புள்ளி முன்னிலை. எல்லோரும் முடிந்துவிட்டது என்றார்கள்.

அக்டோபர் 13, லாஸ் ஏஞ்சலிஸில் இரண்டாவது விவாதம். சிஎன்என்னின் பெர்னார்ட் ஷா முதல் கேள்வியிலேயே, உங்கள் மனைவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டால் கொலையாளிக்கு மரண தண்டனையை ஆதரிப்பீர்களா என்று கேட்டார். குரூரமான கேள்விதான். டுகாக்கிஸ் முகத்தில் எந்த அசைவும் இல்லை. மாட்டேன், என் வாழ்க்கை முழுவதும் மரண தண்டனையை எதிர்த்து வந்திருக்கிறேன் என்று சொல்லிப் புள்ளிவிவரங்களுக்குள் போய்விட்டார். கொள்கையில் உறுதி, அதை நான் மதிக்கிறேன். ஆனால் தன் மனைவியைப் பற்றிய கேள்விக்கு ஒரு கணவனாக முதலில் கோபப்பட்டிருக்கலாம். நவம்பரில் 40 மாநிலங்கள் குடியரசுக் கட்சியின் மூத்த புஷ் பக்கம் போயின. பிரைமரியில் இல்லாத துடிப்பைப் பொதுத்தேர்தலில் யாரும் கடன் வாங்க முடியாது.

#6 கீழைக்காற்று

நீங்கள் எல்லோரும் ஜெயித்தவரின் துடிப்பையே பேசுகிறீர்கள். தோற்றவரின் ஆட்களுடைய துடிப்பு எங்கே போகிறது என்று யாருமே கேட்கவில்லை.

2008இல் நான் ஹிலாரி பக்கம். பிரைமரியில் அவருக்கு விழுந்தது கிட்டத்தட்ட 1 கோடியே 80 லட்சம் ஓட்டுகள். ஜூன் 7இல் வாஷிங்டனில் அவர் விலகிப் பேசியபோது, பெண்களை மேலே போகவிடாமல் தடுக்கும் அந்த உயரமான கண்ணாடிக் கூரையில் ஒரு கோடியே எண்பது லட்சம் விரிசல்கள் விழுந்திருக்கின்றன என்று சொன்னார். அதைக் கேட்டு அழுத பெண்களை எனக்குத் தெரியும். அவர்களில் பலருக்கு ஒபாமாவின் பிப்ரவரிக் கூட்டங்கள் எழுச்சியாகத் தெரியவில்லை, தங்கள் மேல் ஏறிப்போன ஊர்வலமாகத்தான் தெரிந்தன. அடுத்த நாளே வந்து வேலை செய் என்றால் எப்படி முடியும்?

பிரைமரி என்பது ஒரே வீட்டுக்குள் நடக்கும் பாகப்பிரிவினை மாதிரி. கையெழுத்துப் போட்டதும் கசப்பு போய்விடாது. யாராவது பெரியவர் வந்து இரு பக்கமும் உட்கார்ந்து பேசவேண்டும். 2008இல் அது நடந்தது. ஜூன் 27 அன்று நியூ ஹாம்ப்ஷயரில் யூனிட்டி என்ற சிறிய ஊரில் இருவரும் ஒரே மேடையில் நின்றார்கள். அந்த ஊர் பிரைமரியில் இருவருக்கும் சரிசமமாக 107 ஓட்டுகள் போட்டிருந்தது. டென்வர் மாநாட்டில் மாநில வாரியாக ஓட்டு எண்ணும்போது, எண்ணிக்கையை நிறுத்திவிட்டு ஒபாமாவை ஒருமனதாக அறிவிக்கலாம் என்று முன்மொழிந்தவர் ஹிலாரியே. அந்த நிமிடத்தில்தான் என் மனம் திரும்பியது.

1980இல் இது நடக்கவில்லை. பதவியில் இருந்த அதிபர் கார்ட்டரை எதிர்த்து டெட் கென்னடி போட்டியிட்டுத் தோற்றார். மாநாட்டில் கென்னடியின் பேச்சுதான் அரங்கத்தை அதிரவைத்தது. கடைசி நாள் மேடையில் கென்னடியோடு கைகோத்து உயர்த்தி நிற்பதற்காகக் கார்ட்டர் அவர் பின்னாலேயே நடந்த காட்சியை நாடே பார்த்தது. அந்த நவம்பரில் குடியரசுக் கட்சியின் ரேகன் 44 மாநிலங்களை வென்றார். வேறு காரணங்கள் நிறைய இருந்தன, ஈரான் பணயக் கைதிகள், விலைவாசி. ஆனால் கட்சியின் பாதி இதயம் வேறு ஒருவரிடம் இருக்கும்போது வேட்பாளர் எந்தத் துடிப்பைத் தாங்கிப் பிடிப்பார்?

#7 மழைக்குருவி

ஒட்டுக்கேட்புச் சட்டத்தை முதல் பதிவில் ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். எனக்கு அது ஒரு வரி விஷயம் இல்லை.

நீதிமன்ற அனுமதி இல்லாமல் மக்களின் தொலைபேசிகளை அரசு ஒட்டுக்கேட்க உதவிய தொலைத்தொடர்பு நிறுவனங்கள் மேல் வழக்குகள் நடந்துகொண்டிருந்தன. அந்த நிறுவனங்களுக்குப் பின்தேதியிட்டுப் பாதுகாப்பு தரும் எந்த மசோதாவையும் தடுத்து நிறுத்த ஒபாமா ஆதரவு தருவார் என்று 2007 அக்டோபரில் அவர் தரப்பு சொன்னது. 2008 ஜூலையில் அந்தப் பாதுகாப்பைத் தரும் மசோதா 69க்கு 28 என்று நிறைவேறியது. ஒபாமா ஆதரித்தார். எதிர்த்து ஓட்டுப் போட்டவர் யார் தெரியுமா? ஹிலாரி.

ஒபாமாவின் சொந்தத் தளத்திலேயே அவருடைய தொண்டர்கள் கூடி, இதை எதிர்த்து ஓட்டுப் போடுங்கள் என்று குழு தொடங்கினார்கள். சில நாட்களில் அந்தத் தளத்தின் மிகப் பெரிய குழுவாக அது வளர்ந்தது. அவர் பதில் எழுதினார், பாதுகாப்புப் பிரிவை நீக்கும் திருத்தத்துக்கு ஓட்டும் போட்டார், அது தோற்றதும் முழு மசோதாவை ஆதரித்தார். பதில் எழுதினாரே என்று சிலர் பாராட்டினார்கள். எனக்கு அது போதவில்லை. ஜனவரியில் குளிரில் நின்று காத்திருந்தவன் ஒரு வாக்குறுதியை நம்பித்தான் நின்றான். அந்த வாக்குறுதியை ஜூலையில் பேரம் பேசிவிட்டு, நவம்பரிலும் அதே துடிப்போடு வா என்று கேட்பது நியாயம் இல்லை. பிரைமரியில் ஒரு பேச்சு, ஜெயித்ததும் நடுவில் நகர்ந்து இன்னொரு பேச்சு என்பதை எல்லோரும் இயல்பு என்று ஏற்றுக்கொண்டதுதான் அரசியலில் நம்பிக்கை போனதற்குக் காரணம்.

#8 எடிசன்வாசி

மழைக்குருவி, அந்த வாரம் எங்கள் குழுவிலும் பெரிய வாக்குவாதம் நடந்தது. இரண்டு பேர் போய்விட்டார்கள், திரும்பி வரவே இல்லை. உங்கள் கோபத்தில் ஒரு சொல்லைக்கூட நான் மறுக்கமாட்டேன்.

ஆனால் எண்கள் வேறு கதை சொல்கின்றன. செப்டம்பரில் மட்டும் 15 கோடி டாலருக்கு மேல் நன்கொடை வந்தது, அதுவரை யாரும் பார்க்காத தொகை. அந்த மாதம் முதல்முறையாகப் பணம் கொடுத்தவர்கள் ஆறு லட்சத்துக்கும் அதிகம். சராசரி நன்கொடை நூறு டாலருக்கும் கீழே. அரசு நிதியை ஏற்ற குடியரசுக் கட்சி வேட்பாளர் மெக்கெய்னுக்கு மாநாட்டுக்குப் பிந்தைய மொத்தச் செலவுக்கே 8.4 கோடி டாலர்தான். புதிதாக வந்தவர்கள் ஒட்டுக்கேட்புச் சட்டத்தைக் கேள்விப்பட்டிருப்பார்களா என்றே சந்தேகம். ஆகஸ்ட் 29இல் மெக்கெய்னின் துணை அதிபர் வேட்பாளராகச் சாரா பேலின் அறிவிக்கப்பட்டார், மெக்கெய்ன் கணிப்புகளில் முன்னேறினார், செப்டம்பர் 15இல் லீமன் பிரதர்ஸ் என்ற பெரிய முதலீட்டு வங்கி திவாலானது. இந்த மூன்றும் சேர்ந்து ஜனங்களை எழுப்பின.

வெண்ணாற்றங்கரை கேட்ட 'இரண்டாவது காரணம்' அதுதான். ஓய்வூதியச் சேமிப்பு கரைவதைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தேர்தல் சொந்த வீட்டு விவகாரமாக மாறியது. வேட்பாளர் அதை உருவாக்கவில்லை, ஆனால் அது வந்தபோது நிதானமாக நின்றார். மெக்கெய்ன் பிரசாரத்தை நிறுத்துகிறேன், விவாதத்தைத் தள்ளிவையுங்கள் என்று அறிவித்த வாரத்தில், கோடையில் நாம் குறை சொன்ன அந்த நிதானமே ஒபாமாவின் பலம் ஆனது.

#9 புதுத்தெரு

எல்லோரும் பழைய தேர்தல்களையே பேசுகிறீர்கள். 2025 நியூயார்க் மேயர் தேர்தலை யாரும் தொடவில்லையே!

சொஹ்ரான் மம்தானி ஆரம்பத்தில் கணிப்புகளில் ஒரு சதவீத அளவில் இருந்தவர். ஜூன் 24 ஜனநாயகக் கட்சிப் பிரைமரியில் முன்னாள் ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோவை வீழ்த்தினார். வாக்காளர்கள் வரிசைப்படுத்திய விருப்பங்களை எண்ணி முடித்தபோது சுமார் 56க்கு 44. அதன்பிறகு நவம்பர் வரை சூடு குறையவில்லை. நவம்பர் 4 அன்று 20 லட்சத்துக்கும் அதிகமானோர் ஓட்டுப் போட்டார்கள். மேயர் தேர்தலில் 1969க்குப் பிறகு அவ்வளவு பேர் வந்ததில்லை. பாதிக்கும் சற்று மேல் ஓட்டு மம்தானிக்கு.

காரணம் என்ன? அவர் சொன்னது மூன்றே விஷயம். வாடகைக் கட்டுப்பாட்டுக்குள் வரும் வீடுகளின் வாடகையை உயர்த்தாமல் நிறுத்துவேன், பேருந்துகளை வேகமாகவும் இலவசமாகவும் ஓட்டுவேன், குழந்தைப் பராமரிப்பை எல்லோருக்கும் இலவசமாக்குவேன். பிரைமரியில் இதுதான், நவம்பரிலும் இதுதான். மழைக்குருவி, நீங்கள் சொல்லும் நகர்வு அவரிடமும் இருந்தது. 2020இல் காவல்துறையைப் பற்றி எழுதியதற்கு மன்னிப்புக் கேட்டார், பழைய நிர்வாகத்தின் காவல் ஆணையரையே தொடரச் சொல்வேன் என்றார். ஆனாலும் தொண்டர்கள் போகவில்லை, ஏனென்றால் அந்த மூன்றில் கை வைக்கவில்லை. எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விட்டுக்கொடுக்கக்கூடாது என்று தெரிந்த வேட்பாளருக்குத் துடிப்பு தங்கும்.

#10 கோபுரவாசல்

புதுத்தெரு, உங்கள் உற்சாகம் நன்றாக இருக்கிறது. இரண்டு வித்தியாசங்களைக் கணக்கில் எடுங்கள். நியூயார்க் ஜனநாயகக் கட்சியின் கோட்டை. அங்கே பிரைமரி வாக்காளருக்கும் பொதுத்தேர்தல் வாக்காளருக்கும் இடைவெளி குறைவு, அதே பேச்சை மறுபடி பேசலாம். ஓஹையோவிலும் விர்ஜீனியாவிலும் ஜெயிக்கவேண்டிய அதிபர் வேட்பாளருக்கு அந்த வசதி இல்லை. இரண்டாவது, குவோமோ தோற்ற பிறகும் சுயேச்சையாகக் களத்தில் நின்றார். பிரைமரி முடியவே இல்லை என்பதுதான் உண்மை. எதிராளி மாறாதபோது கோபமும் மாறாது.

#11 புதுத்தெரு

இரண்டாவதை ஏற்கிறேன் ஐயா. முதலாவதை ஏற்கமாட்டேன். வாடகை கட்ட முடியாத கஷ்டம் கட்சி பார்த்து வருவதில்லை. குடியரசுக் கட்சிக்காரர் வீட்டுக் கதவைத் தட்டினாலும் முதலில் வருவது விலைவாசிதான்.

#12 வெண்ணாற்றங்கரை

நல்ல பதிவுகள், எல்லோருக்கும் நன்றி. நான் கேட்டதில் ஒரு பகுதியை இன்னும் யாரும் தொடவில்லை. தொண்டர்களின் துடிப்பு ஒன்று, வேட்பாளர் என்ற தனிமனிதரின் துடிப்பு இன்னொன்று. 2007 பிப்ரவரியில் ஸ்பிரிங்ஃபீல்டில் குளிரில் நின்று போட்டியிடுவதாக அறிவித்த ஒபாமா, 21 மாதம் ஒரே கதையைச் சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும். எந்த நடிகரும் அவ்வளவு காலம் ஒரே வசனத்தை உயிரோடு பேச முடியாது.

ஒபாமா எப்படிச் சமாளித்தார் என்று பார்க்க 2008 நவம்பர் 3 ஆம் தேதியைப் பாருங்கள். அவரை வளர்த்த பாட்டி மேடலின் டன்ஹம் இறந்த செய்தி அன்றுதான் வெளியானது. பத்து நாள் முன்பு பிரசாரத்தை விட்டுவிட்டு ஹவாய்க்குப் போய் அவரைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அன்று மாலை வட கரோலினாவின் ஷார்லட் நகரில் தூறல் மழையில் பேசினார். பாட்டியைப் பற்றிச் சொல்லும்போது கன்னத்தில் கண்ணீர் ஓடியது. ஆனால் குரல் உடையவில்லை. பாட்டியை, அமெரிக்கா முழுக்க இருக்கும் அமைதியான வீரர்களில் ஒருவர் என்று சொல்லி, பேச்சை மறுபடியும் கூட்டத்தில் நின்றவர்களிடமே கொண்டுவந்தார்.

அதே இரவு விர்ஜீனியாவின் மனாசஸில் கடைசிக் கூட்டம். அங்கே அவர் முடித்தது கிரீன்வுட் கதையோடு. 2007இல் ஒருவரின் ஆதரவைப் பெறுவதற்காகத் தென் கரோலினாவின் கிரீன்வுட் ஊருக்கு மழையில் ஒன்றரை மணி நேரம் காரில் போனார். அங்கே இருந்தது சுமார் இருபது பேர். அவர்களில் ஈடித் சைல்ட்ஸ் என்ற உள்ளூர் கவுன்சிலர், 'சூடாக இருக்கிறோமா? கிளம்பத் தயார்!' என்று முழக்கம் எழுப்ப, சோர்ந்து உட்கார்ந்திருந்த வேட்பாளருக்கே உற்சாகம் வந்தது. நூறு தடவை சொன்ன கதையை அந்த இரவும் பல்லாயிரம் பேர் முன்னால் சொன்னார். அதில் துடிப்பு தருபவர் அந்தப் பெண், வாங்கிக்கொள்பவர் ஒபாமா. 21 மாதம் ஒரு மனிதர் தன்னிடம் இருந்து மட்டும் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்திருந்தால் ஜூனிலேயே தீர்ந்திருப்பார். டுகாக்கிஸிடம் இப்படி ஒரு கதை இருந்ததா?

#13 கீழைக்காற்று

இதை எழுதியதற்கு நன்றி. ஷார்லட் பேச்சை அன்று நேரலையில் பார்த்தேன். அதற்கு முன்னால் அவரை எனக்குப் பிடிக்கும் என்று சொல்லியிருக்கமாட்டேன்.

#14 மழைக்குருவி

பேச்சு பெரிது, மறுக்கவில்லை. ஜெயித்த பிறகு என்ன ஆனது? ஒரு கோடியே முப்பது லட்சம் மின்னஞ்சல் முகவரிகளும் அத்தனை தொண்டர்களும் இருந்த அமைப்பை 2009 ஜனவரியில் கட்சியின் தேசியக் குழுவுக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். தெருக்குழுக்களுக்கு மேலிருந்து உத்தரவு வர ஆரம்பித்தது, தங்கள் கட்சி செனட்டர்களையே தட்டிக்கேட்கும் சுதந்திரம் போயிற்று. 2010 ஜனவரியில் மாசசூசெட்ஸில் டெட் கென்னடி வைத்திருந்த செனட் இடமே போனது. அந்த நவம்பரில் கீழவையில் 63 இடங்கள் போயின. பிரைமரிக்குப் பிறகு தாங்குமா என்று கேட்கிறோம், பதவியேற்புக்குப் பிறகு தாங்கவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

#15 மணல்மேடு

படித்துக்கொண்டே வருகிறேன். ஒரு சந்தேகம். மெக்கெய்ன் மார்ச்சிலேயே ஜெயித்துவிட்டார், ஒபாமா ஜூன் வரை சண்டை போட்டார். அப்படியானால் மெக்கெய்னுக்குத்தானே ஓய்வும் நேரமும் அதிகம்? நீண்ட பிரைமரி கேடு என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்?

#16 எடிசன்வாசி

அருமையான கேள்வி. அப்போது பத்திரிகைகளும் அப்படித்தான் எழுதின. ஆனால் இண்டியானாவைப் பாருங்கள். வழக்கமாக மே மாதத்தில் அங்கே பிரைமரி வரும்போது எல்லாம் முடிந்திருக்கும், எந்த வேட்பாளரும் எட்டிப்பார்க்க மாட்டார். 2008இல் போட்டி முடியாததால் இரு தரப்பும் அங்கே அலுவலகம் திறந்து, வாக்காளர்களைப் பதிவு செய்து, வீடு வீடாகப் போய்ப் பட்டியல் எழுதின. 2004இல் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் கெர்ரி அங்கே சுமார் 21 புள்ளி வித்தியாசத்தில் தோற்றார். 2008 நவம்பரில் ஒபாமா சுமார் 28,000 ஓட்டில் ஜெயித்தார். 1964க்குப் பிறகு ஜனநாயகக் கட்சி அந்த மாநிலத்தைத் தொட்டதே இல்லை. வட கரோலினாவும் அதே மாதிரிதான், மே 6 பிரைமரி, நவம்பரில் சுமார் 14,000 ஓட்டு வித்தியாசம். மெக்கெய்னுக்கு ஓய்வு கிடைத்தது, ஆனால் அவர் ஆட்களுக்கு ஆகஸ்ட் கடைசி வரை வேலை இல்லை. பேலின் வந்த பிறகுதான் அவர் கூட்டங்கள் நிரம்பின.

#17 கோபுரவாசல்

இண்டியானா கணக்கை ஏற்கிறேன். ஆனால் 2012இல் இண்டியானாவும் வட கரோலினாவும் இரண்டுமே கைவிட்டுப் போயின. பட்டியல் இருந்தது, அலுவலக அனுபவம் இருந்தது. கட்சி மாநாட்டையே ஷார்லட்டில் நடத்தினார்கள். பட்டியல்தான் துடிப்பைக் காப்பாற்றும் என்றால் இதற்கு என்ன பதில்?

#18 எடிசன்வாசி

இண்டியானாவில் 2012இல் அவர்கள் போராடவே இல்லை ஐயா, ஆரம்பத்திலேயே விட்டுவிட்டார்கள். வட கரோலினாவில் போராடி இரண்டு புள்ளியில் தோற்றார்கள். அந்த வருடம் ஒபாமாவுக்கு எதிராகப் பிரைமரியில் பெயர் சொல்லும்படி யாரும் நிற்கவில்லை. மே மாதம் எங்கள் வீட்டுத் தொலைபேசி ஒருமுறைகூட அடிக்கவில்லை. 2008 மே மாதத்தில் இரவு பத்து மணிக்கும் அடித்தது. பழைய பட்டியலில் இருந்தவர்களை மறுபடி அழைத்தபோது பலர் சொன்னது, ஓட்டுப் போடுவேன், ஆனால் இந்த முறை கதவு தட்ட வரமாட்டேன் என்பதுதான். மழைக்குருவி சொன்ன 2009 முடிவுக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது என்று நினைக்கிறேன். அதைப் பற்றி விரிவாக எழுதத் தெரிந்தவர்கள் எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.